மலருக்கு ஊற்றினால் கறுக்கும் சாறு

யோங் பெங் டோல் சாவடியைத் தாண்டி ஊருக்குள் திரும்பும் வளைவில், எண்ணெய்ச் செம்பனை மரங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தகரக் கொட்டகை நிற்கிறது. முன்னால் ‘ஆயர் தெபு’, கரும்புச் சாறு, என்று மலாயில் எழுதிய பச்சைப் பலகை. ஒரு தடவை நிறுத்திக் கரும்புச் சாறு குடித்தவர்கள் அடுத்த தடவையும் அங்கேதான் நிறுத்துவார்கள். ஈப்போ வரை ஓடும் ஒரு லாரிக்காரர், பாட்டிலில் வாங்கிப்போன சாறு பொழுது சாயும் வரை பச்சை மாறாமல் இருந்ததென்று போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். மற்ற கடைச் சாறு அதற்குள் சேற்றுத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும்.

கடைக்காரி காளியம்மாவுக்குக் கைராசி என்பார்கள். கைராசியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அத்தனையும் பயம்.

அந்தப் பயம் விடிந்ததுமே வேலையை ஆரம்பித்துவிடும். பாக் மாட் தன் நிலத்துக் கரும்பை வேனில் கொண்டுவந்து இறக்குவார். மலாய்க்காரர், தோட்டத்துத் தமிழர்களோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. அவர் கட்டை அவிழ்த்ததும் காளியம்மா ஒவ்வொரு கழியாக எடுத்து வெட்டுவாயை மோந்து பார்ப்பாள். வெட்டுவாய் சிவந்திருந்தாலோ, லேசாகப் புளித்த வாடை அடித்தாலோ அந்தக் கழி வேனுக்கே திரும்பிப் போகும். நேற்று வெட்டியது வேண்டவே வேண்டாம். சதுப்பு நிலத்துக் கரும்பு பார்க்கத் தடியாக இருக்கும், சாறோ நீர்த்துப்போய் நாக்கில் கரிக்கும். மேட்டு நிலத்துக் கரும்பு ஒல்லி. பிழிந்தால் கனமாக இறங்கும். அவளுக்கு அதுதான் வேண்டும்.

“அலமாக், காளி! கரும்பு வாங்கறியா, மருமகளாக்கப் பொண்ணு பாக்கறியா?” என்பார் பாக் மாட்.

“மருமக கெட்டாக்கூட சகிச்சுக்கலாம் பாக் மாட். இது கெட்டா முடியாது.”

தோலை முழுதாகச் சீவுவாள். கணுவை வெட்டி எறிவாள். மெஷினில் இரண்டே தடவைதான் விடுவாள். சக்கையை மடித்து மூன்றாம் தடவை கொடுத்தால் இன்னும் அரை டம்ளர் வரும்தான். அதோடு கசப்பும் புல் வாடையும் சேர்ந்து வரும். அதனால் பாதி ஈரத்தோடு சக்கை குப்பைக்குப் போகும். பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும். ரோலர் இரண்டும் எவர்சில்வர். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் மெஷினை நிறுத்தி, சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுவாள். சாறு மெல்லிய துணியில் வடிந்து, ஐஸ் சுற்றி வைத்த சட்டியில் விழும்.

இத்தனையும் ஒரே காரணத்துக்காக. சாறு கறுக்கக் கூடாது. சாறு கறுத்தால் ஆள் போய்விடும் என்று காளியம்மா நம்பினாள். நம்பியதற்கு அவளிடம் ஒரு சாவு சாட்சியாக இருந்தது.

அவள் கணவர் அய்யாவு, பெக்கான் நானாஸிலிருந்து அன்னாசிப் பழம் ஏற்றிப்போகும் லாரி ஓட்டினார். புறப்படும்போதெல்லாம் அவருடைய எவர்சில்வர் புட்டியில் காளியம்மா சாறு நிரப்பி, உள்ளே ஓர் இரும்பு ஆணியைப் போட்டு மூடிக் கொடுப்பாள். சோறோ கறியோ, வெளியே எடுத்துப்போகிற எதிலும் ஒரு துண்டு இரும்போ கரியோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழியில் கிடப்பது கூடவே வந்துவிடும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அவள் அம்மா போட்டாள், அவளும் போட்டாள். அந்த ஆணி முனியாண்டி கோயில் பூசாரி வேலடியில் வைத்து எடுத்துக் கொடுத்தது. ஒரே ஆணி. வருஷக்கணக்காக அதுதான்.

அய்யாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சாயங்காலம் புட்டியைக் கவிழ்த்து ஆணியைத் தட்டி மேசையில் போட்டுவிட்டு, “பேய் என்னையப் பாத்தா அதுவே ஆணி போட்டுக்கிட்டு ஓடும் லா” என்று சிரிப்பார்.

ஒருநாள் கடை நிறைய ஆட்கள் இருந்த நேரத்தில் அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “காளி, ஒன் ஜூஸ்ல ஆணி வாசம் அடிக்குது. குடிச்சா நாக்குல துரு ஒட்டுது” என்று சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போயிற்று. அவளை என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வாள், அவள் சாற்றை ஒரு சொல் சொல்லக் கூடாது.

“அப்படியா? இனிமே ஆணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். போய்ட்டு வாங்க” என்று வெறும் சாறு ஊற்றிய புட்டியை அவர் கையில் திணித்தாள். ஆணி மேசைமேலேயே கிடந்தது. அய்யாவு அதை ஒரு தரம் பார்த்தார். பிறகு போய் லாரியில் ஏறினார்.

அன்றைக்கு ஆயர் ஈத்தாம் தாண்டி லாரி பள்ளத்தில் கவிழ்ந்தது. மழை இல்லை. எதிரே வண்டி இல்லை. டயரும் வெடிக்கவில்லை. நேரான ரோட்டில் அது ஏன் கவிழ்ந்தது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் சாமான்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தார்கள். புட்டி நசுங்கி, மூடி திறக்க முடியாதபடி இறுகியிருந்தது. ஓரத்தில் கசிந்து சட்டை முழுக்கக் கறுப்பு. எஞ்சின் எண்ணெய் என்று நினைத்து மோந்து பார்த்தாள். கரும்பு வாசம் அடித்தது. காலையில் இவள் கையால் பச்சையாக ஊற்றிக் கொடுத்த சாறு மையாகக் கறுத்திருந்தது.

அங்கேயே, அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே, அவளுக்கு முடிவாகிவிட்டது. காவல் இல்லாமல் அனுப்பினோம். வழியில் ஏதோ ஏறிக்கொண்டது. முதலில் சாற்றைத் தொட்டது, அப்புறம் ஆளைத் தொட்டது.

புட்டியை மஞ்சள் துணியில் சுற்றிக் கொட்டகைப் பரணில் வைத்தாள். தூக்கிப்போடவும் மனம் வரவில்லை, தொடவும் துணிவு வரவில்லை. பரணில் தூசு தட்டும்போது அந்த மூலையை மட்டும் விட்டுவிடுவாள். பழைய இரும்பு ரோலரில் பிழிந்த சாறு நேரம் ஆனால் நிறம் மாறும் என்று மெஷின் பழுதுபார்க்க வந்தவர் பேச்சுவாக்கில் சொன்னார். மறுவாரமே எவர்சில்வர் ரோலர் மாட்டச் சொல்லிவிட்டாள்.

மகள் மலர் அப்போது சின்னப் பிள்ளை. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு, மலாக்காவுக்கு ஒரு சுற்றுலா வந்தது. காளியம்மா கண்ணாடிப் பாட்டிலில் சாறு ஊற்றி, அதே ஆணியை உள்ளே போட்டு, பிள்ளை குளித்து உடுத்தி வரட்டும் என்று மேசைமேல் வைத்தாள். திரும்பி வந்து பார்த்தபோது பாட்டிலின் அடியில் ஒரு கறுப்பு. இவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மெல்ல மேலே ஏறிற்று. கழுத்து வரை ஏறிய பிறகுதான் நின்றது.

மலரை அனுப்பவில்லை. பிள்ளை அழுது புரண்டாள். அன்று சாயங்காலம், சுற்றுலா பஸ் தங்காக் பக்கத்தில் வடிகாலில் இறங்கிவிட்டதென்று செய்தி வந்தது. பிள்ளைகளுக்குச் சிராய்ப்பு, அதற்குமேல் ஒன்றுமில்லை. காளியம்மாவுக்கு அது போதும்.

அதற்குப் பிறகு மலர் தூரமாக எங்கே போவதென்றாலும் முதலில் பாட்டில். கோலாலம்பூரில் நேர்முகத் தேர்வு, கறுத்தது. ஜொகூர் பாருவில் தோழியின் கல்யாணம், கறுத்தது. மலர் போகவில்லை, ஒன்றும் நடக்கவும் இல்லை. போகாததால்தான் நடக்கவில்லை என்று காளியம்மா அடித்துச் சொன்னாள். இப்படிச் சொன்னால் எந்த வக்கீலால் மறுக்க முடியும்?

ஒன்றுதான் அவள் ஈரக்குலையை நடுங்க வைத்தது. லாரிக்காரர்கள் வாங்கிப்போன ஒரு பாட்டில்கூடக் கறுத்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பினாங்கு போகும்போது ஊற்றிக் கொடுத்ததும் கறுக்கவில்லை. மலருக்கு ஊற்றினால் மட்டும் கறுத்தது. அதே கரும்பு, அதே மெஷின், அதே வடிதுணி. கரும்பிலும் குற்றமில்லை, பிழிந்ததிலும் குற்றமில்லை என்றால் அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது? தகப்பனைக் கொண்டுபோனது மகளையும் கேட்கிறது. வேறு என்ன?

உச்சி வெயிலில் கடைக்கு ஆள் வராத நேரம் ஒன்று உண்டு. அப்போது அவள் பின்பக்கம் திரும்பமாட்டாள். செம்பனை வரிசைகளுக்குள் பகலிலும் இருட்டாக இருக்கும். ஏதோ ஒரு வரிசையின் கோடியில் யாரோ நின்று கடையைப் பார்ப்பது போல முதுகு சொல்லும். காற்றே இல்லாமல் ஓலை ஒன்று அசைந்து நிற்கும். அவள் மெஷினைப் போட்டுவிடுவாள். கரும்பு இல்லாவிட்டாலும் அது சும்மா ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த வருஷம் மலருக்குச் சிங்கப்பூரில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. அவளோடு படித்த நுஸ்ரத்துக்கும் அங்கேயே. நுஸ்ரத்தின் அப்பா பஸ் நிலையத்துப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவர், வேண்டிய மனிதர். எல்லைக்கு இந்தப் பக்கம் ஸ்கூடாயில் ஓர் அறை எடுத்துத் தங்கி, அங்கிருந்து தினமும் பஸ்ஸில் பாலம் தாண்டிப் போய்வருவது என்று பெண்கள் இருவரும் பேசி முடித்துவிட்டார்கள்.

“இந்தத் தடவ கறுத்தாலும் போவேன்மா” என்றாள் மலர். “எத்தன வருஷம் ஒரு பாட்டிலப் பாத்துப் பயந்துகிட்டு இருக்கறது? என் கூடப் படிச்சவங்க கொரியா வரைக்கும் போய்ட்டு வந்துட்டாங்க. நான் ஈப்போகூடப் பாத்ததில்ல.”

போகிற நாள் காலையில் காளியம்மா, அன்றைக்கு வந்ததில் நல்ல கழியாகப் பொறுக்கி, முன்னெப்போதையும்விடச் சுத்தமாகச் சீவி, இரண்டு பாட்டில் பிழிந்தாள். ஒன்று மலருக்கு, ஒன்று நுஸ்ரத்துக்கு. மலருடையதில் ஆணியைப் போட்டாள். நுஸ்ரத் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, இருவரும் வீட்டிலிருந்து பைகளைச் சுமந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வீடு கொட்டகையின் பக்கத்திலேயே.

கொஞ்ச நேரத்தில் மலருடைய பாட்டில் அடியிலிருந்து கறுக்க ஆரம்பித்தது. பக்கத்திலேயே நுஸ்ரத்துடையது இளம்பச்சையாக, குளுகுளுவென்று நின்றது. ஒரே சட்டியிலிருந்து ஊற்றியவை. காளியம்மா பக்கத்தில் கிடந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

போகாதே என்றால் மலர் கேட்கப்போவதில்லை. அப்போதுதான் காளியம்மாவுக்கு அந்த எண்ணம் வந்தது. நல்ல எண்ணம் இல்லை. அது கேட்கிறது ஒரு பெண்ணைத்தானே, அதற்கு ஆள் தெரியவா போகிறது? இன்னும் இரண்டு பாட்டில் பிழிந்தாள். எப்போதும் மகள் பேரைச் சொல்லித்தான் முதல் பாட்டிலை நிரப்புவாள். இந்தத் தடவை வாய் கூசாமல், “நுஸ்ரத், ஒனக்குத்தான் மொதல்ல” என்று சொல்லி ஊற்றினாள். அது ஏமாறட்டும். வருவது அந்தப் பக்கம் போகட்டும்.

அந்த நேரம் பார்த்து நுஸ்ரத், மலருடைய கனத்த பெட்டியைத் தான் தூக்கிக்கொண்டு கொட்டகை வழியாகப் போனாள். “கவலப்படாதீங்க ஆன்ட்டி. நான் மெதுவாத்தான் ஓட்டுவேன். நடுவுல நின்னு ஒங்களுக்கு மெசேஜ் போடறோம்” என்றாள். நெற்றியெல்லாம் வியர்வை.

காளியம்மாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அதுவும் ஒருத்தி பெற்ற பிள்ளை அல்லவா! சொன்னது சொல்லியாயிற்று, திருப்பி எடுக்க முடியாது. இருக்கிற காவல் ஒன்றே ஒன்று. கறுத்த பாட்டிலைக் கவிழ்த்து ஆணியை எடுத்தாள், கழுவினாள், முனியாண்டியை நினைத்துக்கொண்டு நுஸ்ரத்தின் பாட்டிலுக்குள் போட்டாள். மலருடைய பாட்டிலுக்குக் காவல் இல்லை.

“சாப்புட்டுத்தான் போகணும்” என்று இருவரையும் உட்கார வைத்து, தோசை சுடுகிறேன் பேர்வழி என்று நேரத்தைக் கடத்தினாள். கண் பாட்டில்களிலேயே இருந்தது.

மலருடையது அசையாமல் பச்சையாக நின்றது. நுஸ்ரத்துடையதில், அடியில், ஆணி கிடந்த இடத்தைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் விழுந்தது. அங்கிருந்து மேலே ஏறிற்று.

தோசை தீய்ந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போய், அந்த ஆணியை வெளியே எடுத்து மோந்து பார்த்தாள். துருவும் கரும்பும் சேர்ந்த வாடை. ஆஸ்பத்திரியில் அய்யாவு சட்டையில் அடித்த அதே வாடை. மெஷின்காரர் பேச்சுவாக்கில் சொன்னது இப்போதுதான் வந்து மண்டையில் இறங்கிற்று.

பாருங்கள், ரோலரில் இருந்த இரும்பை விரட்டி அடித்தவள். கத்தியைக்கூட எவர்சில்வராக வாங்கியவள். அவளே தன் கையால் ஒரு துருப்பிடித்த ஆணியை எடுத்துச் சாற்றுக்குள் போட்டு ஊறவைத்திருக்கிறாள். அது இரும்பு என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவளுக்கு அது காவல். பெற்ற மகள் என்பதால்தான் மலருக்கு மட்டும் போட்டாள். போட்டதால்தான் மலருடையது மட்டும் கறுத்தது. அந்தப் பஸ் வடிகாலில் இறங்கியது, பஸ் இறங்கியது. அவ்வளவுதான்.

அதை மலரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. என்னவென்று சொல்வாள்? உன்னை இத்தனை வருஷம் வீட்டில் பூட்டி வைத்தது என் ஆணிதான் என்றா? ஆணியை மேசையில் போட்டாள். பாட்டில்களைக் கழுவி, புதிதாகப் பிழிந்து, இரண்டையும் வெறும் சாற்றால் நிரப்பி, இருவர் கையிலும் கொடுத்தாள். மலர் தன் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். பார்வை மேசைப் பக்கம் ஒரு கணம் போய்த் திரும்பிற்று.

“பச்சையா இருக்கு” என்றாள்.

“ஆமா. போய்ட்டு வா” என்றாள் காளியம்மா.

கார் வளைவில் மறைந்த பிறகு அவள் கடைக்கு வந்து, முதல் தடவையாகச் செம்பனைப் பக்கம் திரும்பி நின்று பார்த்தாள். மரங்கள் நின்றன. குலைகள் தொங்கின. வேறு எதுவும் இல்லை. அய்யாவு விஷயமும் தெளிந்துவிட்டது. அவர் புட்டியில் ஆணி இல்லை. அன்றைக்கு இருந்தது இரும்பு ரோலர், வேலையைக் காட்டிவிட்டது. எதுவும் ஏறவில்லை, எதுவும் கேட்கவில்லை. மனசு பஞ்சாகிவிட்டது அவளுக்கு. உச்சி வெயிலில் மெஷினை நிறுத்தி வைத்துவிட்டு, அந்த நிசப்தத்தில் உட்கார்ந்து நிம்மதியாகச் சோறு தின்றாள்.

பிற்பகலில் போன் அடித்தது. மலர்.

“மா, வந்து சேந்துட்டோம். ரூம்ல இருக்கோம்.”

“சாப்புட்டீங்களா?”

“ம். மா, ஒண்ணு சொல்றேன், பதறக் கூடாது. ஜூஸ் கறுத்துப் போச்சு.”

காளியம்மாவின் கண் மேசைக்குப் போனது. ஆணி அங்கேயே கிடந்தது. பின்னால் ஓலை ஒன்று சரசரத்து அடங்கிற்று.

“நுஸ்ரத்தோடதுமா?” என்று கேட்டாள்.

“இல்ல, அவளோடது பச்சையாவே இருந்துச்சு. என்னோடது மட்டுந்தான்.”

கழுவிய பாட்டில், எவர்சில்வர் ரோலர், நல்ல கரும்பு. ஆணியும் இல்லை. காலையில் கண்டுபிடித்ததெல்லாம் அவள் கைவிட்டு நழுவிப்போயிற்று. முதுகில் அந்தப் பழைய பார்வை வந்து ஒட்டிக்கொண்டது.

“மா, இருக்கியா? பயந்துக்காத. நான்தான் செஞ்சேன்” என்றாள் மலர். “கெளம்பும்போது பாத்தேன், ஆணி மேசையிலயே கெடந்துச்சு. நீ என் மேல உள்ள கோவத்துல போடாம விட்டுட்டேன்னு நெனச்சேன். அப்புறம் ஞாபகம் வந்தா நீ தூங்க மாட்ட. அதான் கார்ல ஏறினதும் என் சட்டையில குத்தியிருந்த இரும்பு ஊக்கக் கழட்டி உள்ள போட்டுக்கிட்டேன். எனக்கு அதுலல்லாம் நம்பிக்கையில்ல, ஒனக்காகத்தான். ஆணி வாசம் அடிச்சுது லா! ஆனா குடிச்சிட்டேன்.”

ஆணி வாசம். கோவத்துல போடாம விட்டுட்டே.

காளியம்மா போனை மேசையில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பரணின் அந்த மூலைக்குக் கை நீட்டினாள். மஞ்சள் துணி புட்டியோடு ஒட்டிப் பிசுக்காக இருந்தது. பிரித்து எடுத்து, காதருகே வைத்துக் குலுக்கினாள்.

சத்தம் இல்லை.

உள்ளே சாறு காய்ந்து கல்லாகியிருக்கும். புட்டியின் அடியை மேசை விளிம்பில் ஓங்கித் தட்டினாள். இன்னொரு தடவை தட்டினாள். உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்தது. மறுபடி குலுக்கினாள்.

கிண் கிண் என்று இரும்பு ஒலித்தது.

வேலடியில் வைத்து எடுத்த ஆணி அன்றும் மேசையில் கிடந்தது, இன்றும் மேசையில் கிடக்கிறது. புட்டிக்குள் ஒலிப்பது லாரியில் கிடந்த நட்டாக இருக்கலாம், வேறு ஏதாவது இரும்பாக இருக்கலாம். பேய் தன்னைப் பார்த்து ஓடும் என்று சிரித்தவர், சண்டை போட்டுவிட்டு லாரியில் ஏறி உட்கார்ந்து, கைக்கு அகப்பட்டதை உள்ளே போட்டு மூடியிருக்கிறார். காவல் இல்லாமல் அவர் போகவில்லை. காவலோடுதான் போயிருக்கிறார். அப்படியும் போய்விட்டார். காளியம்மாவுக்கு அழுகை பீறிட்டது. அழுதுகொண்டே குலுக்கினாள், நிறுத்த முடியவில்லை.

“மா?” போனிலிருந்து மலரின் குரல். “என்னமோ கிணுகிணுன்னு கேக்குதே. அங்க யாரு மா?”

“ஒங்கப்பா” என்றாள் காளியம்மா.